குழாயைத் தொட்டா சுருக்குனு இழுக்குது, ஓனர் "நீங்களே பாத்துக்கோங்க"ங்கறாரு: வாடகை வீட்ல இது யார் பொறுப்பு?

கேள்வி: சார், இந்த வாடகை வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகுது. பெரிய பாத்ரூம்ல கரண்ட் ஹீட்டர், சின்ன பாத்ரூம்ல கேஸ் ஹீட்டர், ரெண்டுமே ஓனர் மாட்டி வச்சது. கொஞ்ச நாளா பெரிய பாத்ரூம்ல குழாயைத் தொட்டா சுருக்குனு இழுக்குது, செருப்பு போட்டிருந்தா தெரியல. அதனால எல்லாரும் சின்ன பாத்ரூமுக்கு மாறிட்டோம். இப்ப என்னன்னா அங்க குளிச்சுட்டு வந்தா எனக்கும் பையனுக்கும் தலைவலி, ஒரு மாதிரி குமட்டல், வெளில காத்தாட உக்காந்தா சரியாயிடுது. கொசு வருதுன்னு அந்த பாத்ரூம்ல மேல இருந்த காத்து ஓட்டைய அட்டை வச்சு அடைச்சிருக்கோம். பால்கனி கைப்பிடி கம்பியும் அடில துரு புடிச்சு லேசா ஆடுது, ரெண்டு வயசு பொண்ணு இருக்கா, பயமா இருக்கு. ஓனர்கிட்ட போன்ல சொன்னா "எம்சிபி போட்டிருக்கேன், ஒண்ணும் ஆகாது, முன்னாடி இருந்தவங்க எட்டு வருஷம் இருந்தாங்க, ஒரு கம்ப்ளைண்ட் இல்ல, ரிப்பேர் எல்லாம் உங்க செலவுன்னு அக்ரிமெண்ட்லயே இருக்கு, நீங்களே பாத்துக்கோங்க"ங்கறாரு. வாடகைய நிறுத்தினா வழிக்கு வருவாரான்னு என் கணவர் கேக்கறாரு. இது யார் பொறுப்பு, நாங்க என்ன செய்யணும்?

பதில்: வணக்கம் சகோதரி. யார் பொறுப்புங்கற கேள்விக்கு பதில் சொல்றேன், ஆனா அதை ரெண்டாவதா சொல்றேன். கட்டடங்கள்ல வயரிங், கேஸ் லைன் இதெல்லாம் செக் பண்றது தான் என் வேலை, உங்க கடிதத்துல இருக்கற மூணு விஷயமும் ஓனர் மனசு மாறுற வரைக்கும் காத்திருக்கிற ரகம் இல்ல.

அதனால இதைப் படிச்ச உடனே மெயின் போர்டுக்கு போய் கரண்ட் ஹீட்டரோட எம்சிபிய (லோடு கூடினா தானா விழற ஸ்விட்ச்) இறக்கிடுங்க. பாத்ரூம் பக்கத்துல இருக்கற ஸ்விட்சை மட்டும் ஆஃப் பண்ணா போதாது, ஏன்னா பழைய வயரிங்ல ஃபேஸும் (கரண்ட் வர்ற வயர்) நியூட்ரலும் (திரும்பிப் போற வயர்) மாத்தி குடுத்திருந்தா ஸ்விட்ச் ஆஃப்ல இருந்தாலும் ஹீட்டருக்குள்ள கரண்ட் நின்னுட்டே இருக்கும். எம்சிபிய இறக்கிட்டு அது மேல "போடாதே"ன்னு ஒரு பேப்பர் ஒட்டுங்க, வீட்ல யாராவது பழக்கத்துல தூக்கி விட்டுடுவாங்க. எலக்ட்ரீஷியன் வந்து பாக்கற வரைக்கும் அந்த பாத்ரூமையே யாரும் யூஸ் பண்ணாதீங்க. ரெண்டாவது, கேஸ் ஹீட்டருக்கு போற வால்வை மூடுங்க, அட்டையை எடுத்துடுங்க. மூணாவது, பால்கனி கதவை குழந்தைக்கு எட்டாத உயரத்துல தாழ்ப்பாள் போட்டு பூட்டுங்க. கொஞ்ச நாளைக்கு அடுப்புல தண்ணி காய வச்சு குளிங்க, சிரமம்தான், வேற வழி இல்ல. அப்படி காய வச்ச தண்ணிய தூக்கிட்டு போகும்போது சின்னவ காலடில இல்லாம பாத்துக்கோங்க.

இப்ப ஒவ்வொண்ணா வரேன்.

குழாய்ல சுருக்குனு இழுக்கறது "லேசான ஷாக்" இல்ல. அப்படி ஒண்ணு கிடையாது, லேசா தப்பிச்சிருக்கீங்க அவ்ளோதான். கணக்கு என்னன்னா, 1 மில்லி ஆம்பியர் அளவு கரண்ட் உடம்புல போனா தான் நமக்கு சுருக்குனு தெரியவே ஆரம்பிக்கும். 10 மில்லி ஆம்பியர் பக்கம் போனா கை தசை இறுகிடும், புடிச்ச குழாயை விட முடியாது. 30 மில்லி ஆம்பியர தாண்டி சில நொடி நீடிச்சா மூச்சும் இதயத் துடிப்பும் தடுமாற ஆரம்பிக்குது. 1க்கும் 30க்கும் நடுவுல என்ன வித்தியாசம்னு நினைக்கிறீங்க? பல நேரம் ஈரம் தான். காஞ்ச கை, ரப்பர் செருப்பு இருந்தா சுருக்குனு முடிஞ்சிடும், அதே குழாயை சோப்பு நுரையோட ஈரக் கையால வெறுங்கால்ல புடிச்சா கதை வேற. செருப்பு போட்டா தெரியலன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, செருப்பு போட்டதால கசிவு நிக்கல, உங்க வழியா தரைக்கு போற பாதை மட்டும் தான் அடைஞ்சிருக்கு.

பொதுவா என்ன ஆகும்னா, ஹீட்டருக்குள்ள இருக்கற காயில் மேல ஒரு உலோக உறை இருக்கும், உப்புத் தண்ணில அது அரிச்சு விரிசல் விடும், அந்த வழியா கரண்ட் தண்ணிக்கும் டேங்குக்கும் இறங்கும். இது நடக்கறது சகஜம், எந்த கம்பெனி ஹீட்டரா இருந்தாலும் ஒரு நாள் நடக்கும். அப்படி இறங்குற கரண்ட்டை புடிச்சு தரைக்கு கொண்டு போகத்தான் எர்த் வயர் இருக்கு. எர்த் நல்லா இருந்திருந்தா உங்க கைக்கு அது வந்திருக்காது. அதனால உங்க வீட்ல ஒரு தப்பு இல்ல, ரெண்டு தப்பு இருக்குன்னு தான் நான் எடுத்துப்பேன்: எங்கயோ கரண்ட் கசியுது, அதோட எர்த்தும் வேலை செய்யல. வெறும் காயிலை மட்டும் மாத்திட்டு எலக்ட்ரீஷியன் கிளம்பினார்னா பாதி வேலை தான் முடிஞ்சிருக்கு, அடுத்த காயில் போகும்போது மறுபடி இதே ஷாக் வரும்.

எர்த் விஷயத்துல நான் திரும்பத் திரும்ப பாக்கறது ஒண்ணு. சாக்கெட்ல மூணு ஓட்டை அழகா இருக்கும். ஸ்க்ரூவ கழட்டி முன் பிளேட்டை இழுத்து பாத்தா பின்னாடி ரெண்டு வயர் தான் மாட்டியிருக்கும், பச்சை வயரை வெட்டி, நுனில இன்சுலேஷன் டேப் சுத்தி, பெட்டிக்குள்ள மடக்கி வச்சிருப்பாங்க. பழைய வீடுகள்ல இன்னொண்ணு, எர்த்தை தண்ணி பைப்புல கட்டி விட்டிருப்பாங்க, அந்தக் காலத்துல பைப் முழுக்க இரும்பு, ஓரளவு வேலை செஞ்சிருக்கும், நடுவுல யாரோ ஒரு பிளம்பர் பழைய பைப்பை வெட்டி ரெண்டு அடி பிளாஸ்டிக் பைப் போட்டுட்டு போயிருப்பாரு, அன்னைக்கே எர்த் அறுந்து போச்சு, வீட்ல யாருக்கும் தெரியாது. இன்னும் மோசம், எர்த் இல்லாத எடத்துல நியூட்ரலையே எர்த் முனைல சேத்து கட்டி விடறது. எங்கயாவது அந்த நியூட்ரல் அறுந்துச்சுன்னா ஹீட்டர் பாடி முழுக்க லைவ் ஆயிடும். இதையெல்லாம் வெளில இருந்து பாத்து யாராலயும் சொல்ல முடியாது, மீட்டர் வச்சு தான் கண்டுபிடிக்கணும்.

ஓனர் எம்சிபி போட்டிருக்கேன்னு சொன்னாரு இல்லையா, அவர் பொய் சொல்லல, ஆனா அது இந்த வேலைக்கானது இல்ல. எம்சிபி வயரை காப்பாத்தும், மனுஷனை இல்ல. 16 ஆம்பியர் எம்சிபின்னா அதுக்கு மேல லோடு போனாலோ ஷார்ட் ஆனாலோ தான் விழும். ஆளைக் கொல்ல 0.03 ஆம்பியரே தாராளம், அதை எம்சிபி கண்டுக்கவே கண்டுக்காது. மனுஷனுக்கானது ஆர்சிடி, சில எடத்துல ஆர்சிசிபிம்பாங்க, பழைய பழக்கத்துல ஈஎல்சிபின்னும் சொல்வாங்க. போற கரண்ட்டும் திரும்பி வர கரண்ட்டும் சமமா இருக்கான்னு அது பாத்துட்டே இருக்கும், 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தா ஒரு நொடில மூணுல ஒரு பங்கு கூட ஆகாது, கட் பண்ணிடும். உங்க போர்டுல அது இருக்கான்னு நீங்களே பாக்கலாம், மேல "T"ன்னு இங்கிலீஷ் எழுத்து போட்ட ஒரு சின்ன டெஸ்ட் பட்டன் இருக்கும். இருந்தா அழுத்தி பாருங்க, டப்புனு விழணும். விழலன்னா அது வெறும் அலங்காரம். விழுந்துட்டாலும் எர்த் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல, அந்த பட்டன் ஆர்சிடி உள்ள இருக்கற மெக்கானிசத்தை மட்டும் தான் டெஸ்ட் பண்ணும். எர்த் இல்லாத வீட்ல ஆர்சிடி விழறதுக்கு கரண்ட் யாராவது ஒருத்தர் உடம்பு வழியா தான் போயாகணும், அதனால ரெண்டும் வேணும், ஒண்ணுக்கு பதிலா இன்னொண்ணு இல்ல.

எலக்ட்ரீஷியன் வந்தா டெஸ்டர் ஸ்க்ரூ டிரைவரை வச்சு "லைட் எரியல, ஒண்ணும் இல்லைங்க"ன்னு சொல்லிட்டு போக விடாதீங்க. அந்த டெஸ்டர் சும்மா இருக்கற எடத்துல மினுக்கும், நிஜமாவே லைவா இருக்கற எடத்துல கண்ணுக்கு தெரியாத அளவுக்கு மங்கலா எரியும், அதை நம்பி ஒரு முடிவுக்கு வரக்கூடாது. லைசென்ஸ் இருக்கற ஆளா வரச் சொல்லுங்க. எர்த் தொடர்ச்சி இருக்கான்னு பாக்கணும், மெக்கர்ங்கற மீட்டர் வச்சு 500 வோல்ட்ல இன்சுலேஷன் (கரண்ட் கசியாம தடுக்கற காப்பு) பாக்கணும், 1 மெகா ஓமுக்கு கீழ காட்டுச்சுன்னா அந்த ஹீட்டரை மறுபடி போடவே கூடாது, ஆர்சிடி எவ்ளோ நேரத்துல விழுதுன்னு மெஷின் வச்சு அளக்கணும். வீட்டு மெயினையே முழுசா கட் பண்ணியும் குழாய்ல வோல்டேஜ் காட்டுச்சுன்னா கசிவு உங்க வீட்ல இல்ல, பொது பைப் வழியா வேற வீட்டுலேர்ந்து வருது, இல்லன்னா சப்ளை லைன்லயே நியூட்ரல் கோளாறு. அப்ப மின்சார கம்பெனிக்கு அவசர நம்பர்ல சொல்லணும், அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சொல்லிடணும். கை வச்சு தொட்டு "இப்ப இழுக்குதா பாரு"ன்னு நீங்க டெஸ்ட் பண்ண வேண்டாம், தயவு செஞ்சு.

அந்த ஆள் ஏணில ஏறியிருக்கும்போதே இன்னொண்ணும் பாக்கச் சொல்லுங்க. டேங்க் ஹீட்டர்ல பக்கத்துல ஒரு சின்ன வால்வு இருக்கும், பிரஷர் ஏறினா அது வழியா தண்ணி வெளியேறும். சொட்டுதுன்னு சில பேர் அதை அடைச்சு வச்சிடுவாங்க. சூட்டை கட்டுப்படுத்தற தெர்மோஸ்டாட்டும் பழுதாகி அந்த வால்வும் அடைஞ்சிருந்தா டேங்க் வெடிக்கக்கூட வாய்ப்பு இருக்கு.

அடுத்தது கேஸ் ஹீட்டர். உண்மைய சொன்னா உங்க கடிதத்துல என்னை நிமிந்து உக்கார வச்சது குழாய் ஷாக் இல்ல, இது தான். ஷாக்கை நீங்களே பயந்துக்கிட்டீங்க, தலைவலிய ஏதோ அசதின்னு விட்டுட்டீங்க. குளிச்சா தலைவலி, குமட்டல், வெளில போனா சரியாகுது, ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கு வருது. இது கார்பன் மோனாக்சைடோட அடையாளம். கேஸ் எரிய காத்து வேணும், பத்தாத எடத்துல அரைகுறையா எரியும், அப்ப வர்றது தான் இந்த வாயு. கலர் இல்ல, வாசனை இல்ல, கண்ணு எரியாது, இருமல் வராது. ரத்தத்துல ஆக்ஸிஜன் ஒட்டிக்கிற எடத்துல அதைவிட 200 மடங்குக்கும் மேல இறுக்கமா இது போய் ஒட்டிக்கும். அளவு ஏறினா முதல்ல போறது கால் பலமும் நிதானமும், தாழ்ப்பாளை திறக்கணும்னு தெரியும், திறக்க முடியாது. பாத்ரூம்ல சாகறவங்க பெரும்பாலும் தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு பின்னாடி தான் கெடப்பாங்க.

"கேஸ் வாசனையே வரலையே"ன்னு சொல்லுவாங்க. கேஸ்ல வர்ற அந்த நாத்தம் லீக்கை கண்டுபிடிக்க கம்பெனி சேக்கறது, எரிஞ்சு முடிச்சப்புறம் வர்ற கார்பன் மோனாக்சைடுல அது இருக்காது. "நீலமா தான் எரியுது"ம்பாங்க. மஞ்சளா எரிஞ்சா, ஹீட்டர் மேல கரி படிஞ்சா நிச்சயமா ஆபத்து, ஆனா நீலமா எரிஞ்சா ஆபத்தே இல்லன்னு எடுத்துக்க முடியாது. விரல்ல மாட்டுற ஆக்ஸிமீட்டர் வச்சு பாத்தேன் 98 காட்டுச்சு, ஒண்ணும் இல்லன்னு நிம்மதியானவங்களையும் பாத்திருக்கேன். அந்த மெஷினுக்கு ஆக்ஸிஜன் ஒட்டின ரத்தத்துக்கும் கார்பன் மோனாக்சைடு ஒட்டின ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது, ரெண்டும் அதுக்கு ஒண்ணு தான். ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்து தனியா பாக்கணும். உங்களுக்கும் பையனுக்கும் இன்னும் தலைவலி இருந்தா இன்னைக்கே டாக்டரை பாருங்க, "கேஸ் ஹீட்டர் இருக்கற பாத்ரூம்ல குளிச்சப்புறம் வருது"ன்னு அந்த வார்த்தையோட சொல்லுங்க, சொல்லலன்னா அவங்க வைரஸ் காய்ச்சல்னு மாத்திரை குடுத்து அனுப்பிடுவாங்க. வீட்ல யாராவது கர்ப்பமா இருந்தா அவங்களுக்கு லேசா தலைவலி இருந்தாலே காமிச்சிடணும்.

இதுல உங்க பங்கும் இருக்கு, அதை சொல்லாம விட்டா நியாயம் இல்ல. அந்த காத்து ஓட்டை சும்மா வச்சது இல்ல, ஹீட்டர் மூச்சு விடற வழி அது, அதை அடைச்சது நீங்க. நாளைக்கு ஓனர் கேட்டா இதைத் தான் முதல்ல கேப்பாரு, கேக்கவும் அவருக்கு உரிமை இருக்கு. கொசுவுக்கு கம்பி வலை அடிங்க, அதையும் தூசி அடையாம பாத்துக்கோங்க. ஆனா அட்டையை எடுத்துட்டா எல்லாம் சரின்னு அந்த ஹீட்டரை மறுபடி போட்டுடாதீங்க. பாத்ரூம்க்குள்ள இருக்கற காத்தையே இழுத்து எரியுற ஹீட்டரை பாத்ரூம்ல மாட்டினதே அடிப்படைத் தப்பு. இங்கிலாந்துல கேஸ் பாதுகாப்பு விதி இதை பாத்ரூம்ல மாட்டவே கூடாதுங்குது, வெளிக் காத்தை இழுத்து புகைய வெளிலயே தள்ளுற மூடின வகை மட்டும் தான் அனுமதி. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டா போதும்னும் சில பேர் சொல்வாங்க, உள்ள காத்து வர வழி இல்லாம ஃபேன் மட்டும் ஓடினா அது புகைக்குழாய்ல மேல போற புகையையே திருப்பி உள்ள இழுக்கும். ஹீட்டரை வெளிச்சுவத்துக்கு மாத்தறது, இல்லன்னா எடுத்துட்டு எர்த்தோட நல்ல கரண்ட் ஹீட்டர் போடறது, இந்த ரெண்டுல ஒண்ணு தான் முடிவு. ரெண்டுமே ஓனர் செய்ய வேண்டியது. கார்பன் மோனாக்சைடு அலாரம்னு தனியா விக்குது, அதை நீங்களே வாங்கி வைக்கலாம், வீடு மாறினா கூட எடுத்துட்டு போகலாம், ஆனா அலாரம் இருக்குன்னு அந்த ஹீட்டரை ஓட்டக்கூடாது. அதுல இருக்கற சென்சாருக்கும் ஆயுசு உண்டு, பின்னாடி காலாவதி தேதி போட்டிருப்பாங்க, பாத்து வாங்குங்க.

பால்கனி கம்பிக்கு நீளமா சொல்ல ஒண்ணும் இல்ல. கம்பி கான்கிரீட்டுக்குள்ள இறங்குற அந்த அடி எடத்துல தான் தண்ணி தேங்கும், துருப்பிடிச்ச இரும்பு உப்பி சுத்தி இருக்கற சிமெண்டையும் உடைக்கும், மேல பெயிண்ட் அடிச்சு அடிச்சு மூடியிருப்பாங்க. லேசா ஆடுதுன்னா உள்ள பாதிக்கு மேல தின்னுருச்சுன்னு வச்சுக்கோங்க. சாஞ்சு பாத்து டெஸ்ட் பண்ணாதீங்க, உள்ள நின்னு உங்க பக்கமா இழுத்து பாருங்க. கம்பிக்கு கம்பி இடைவெளி 10 சென்டிமீட்டருக்கு மேல இருந்தா சின்னப் புள்ள உடம்பு நுழையும், அப்புறம் தலை மாட்டும், பல நாட்டு கட்டட விதிகள்ல இந்த 10 சென்டிமீட்டர் அளவு இருக்கறது அதனால தான். ஓரமா நாற்காலி, பூந்தொட்டி ஸ்டாண்டு எதுவும் வைக்காதீங்க, ஏறிடும்.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். வீட்டோட சேந்தது எல்லாம் ஓனரோடது: சுவர், தளம், படி, கைப்பிடி, சுவத்துக்குள்ள போற வயரிங், எர்த், கேஸ் பைப், தண்ணி பைப், அவர் மாட்டி குடுத்த ஹீட்டர். நீங்க கொண்டு வந்தது உங்களோடது: மிக்ஸி, வாஷிங் மெஷின், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். நீங்க உடைச்சதும் உங்களோடது. பெரும்பாலான நாடுகள்ல சட்டத்தோட எலும்புக்கூடு இது தான், சதை தான் எடத்துக்கு எடம் மாறும். மாறுறதுன்னா சாதாரணமா இல்ல. இங்கிலாந்துல ஓனர் குடுத்த கேஸ் சாதனங்களை 12 மாசத்துக்கு ஒரு தடவை தகுதியான ஆளை வச்சு செக் பண்ணி அந்த ரிப்போர்ட்டை வாடகைக்கு இருக்கறவங்களுக்கு குடுக்கணும், 2020ல வந்த விதிப்படி வயரிங்கை அதிகபட்சம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை செக் பண்ணணும். இந்தியாவோட 2021 மாதிரி வாடகைச் சட்டத்தை (மாநிலங்கள் பாத்து சட்டம் போடறதுக்காக மத்திய அரசு தயாரிச்ச வடிவம்) எடுத்தா வயரிங்கும் பைப் மாத்தறதும் கட்டட ரிப்பேரும் ஓனர் கணக்கு, ஆனா ஹீட்டர் ரிப்பேர், ஸ்விட்ச், சாக்கெட், சர்க்யூட் பிரேக்கர் ரிப்பேர் எல்லாம் வேற விதமா எழுதிக்கலன்னா குடியிருக்கறவங்க தலைல விழும். அதாவது உங்க குழாய் ஷாக்குல காயில் ஒருத்தர் செலவு, எர்த் இன்னொருத்தர் செலவுன்னு கூட ஆகலாம். அதனால உங்க எடத்து சட்டத்துல, உங்க அக்ரிமெண்ட்ல எது யாருதுன்னு போட்டிருக்குன்னு ஒரு வக்கீலோ இல்ல வாடகை அதிகாரி ஆபீஸ்லயோ காமிச்சு கேட்டுக்கோங்க. எப்படி இருந்தாலும் எர்த், கேஸ் ஹீட்டர் மாட்டின விதம், பால்கனி கம்பி இந்த மூணையும் "ரிப்பேர் உங்க செலவு"ங்கற ஒரு வரிய காட்டி அவ்ளோ சுலபமா யாரும் கைகழுவ முடியாது. இங்கிலாந்துல 1985 சட்டத்துல அடிப்படை ரிப்பேர் பொறுப்பை ஓனர் ஒரு வரி எழுதி குடியிருக்கறவங்க மேல தள்ளவே முடியாதுன்னே இருக்கு.

ஆனா ஒண்ணு, நான் பாத்த வரைக்கும் சண்டை முத்திப் போச்சுன்னா "யார் பொறுப்பு"ங்கறதுல தோக்கறவங்க கம்மி, "எனக்கு சொல்லவே இல்லையே"ங்கறதுல தோக்கறவங்க தான் ஜாஸ்தி. வீட்டுக்குள்ள இருக்கற கோளாறு ஓனருக்கு தெரிஞ்சாத்தான் அவர் மேல பொறுப்பு விழும்ங்கறது பல எடத்து சட்டத்துல இருக்கற விஷயம். நீங்க போன்ல சொல்லியிருக்கீங்க, அவரும் போன்ல பதில் சொல்லிட்டாரு, ரெண்டுமே காத்துல போச்சு. இன்னைக்கே எழுத்துல அனுப்புங்க. திட்டி எழுதாதீங்க, கெஞ்சியும் எழுதாதீங்க. இந்த மாதிரி இருந்தா போதும்:

"சார் வணக்கம். நேத்து போன்ல பேசினதை எழுத்துல அனுப்பறேன். பெரிய பாத்ரூம் குழாய்ல கரண்ட் வருது, ஹீட்டரை ஆஃப் பண்ணி வச்சிருக்கோம். சின்ன பாத்ரூம் கேஸ் ஹீட்டர் போட்டா எனக்கும் பையனுக்கும் தலைவலி, குமட்டல் வருது, அதையும் நிறுத்திட்டோம். பால்கனி கம்பி அடில துருப்பிடிச்சு ஆடுது, போட்டோ இணைச்சிருக்கேன். மூணுமே உயிருக்கு ஆபத்தானது. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனையும் கேஸ் டெக்னீஷியனையும் 3 நாளுக்குள்ள அனுப்புங்க, எந்த நேரமும் வீட்ல ஆள் இருப்போம். உங்களால முடியலன்னா நாங்களே ஆள் வச்சு செக் பண்ணிட்டு ரிப்போர்ட்டும் பில்லும் அனுப்பறோம், அதை எப்படி கழிச்சுக்கறதுன்னு பேசிக்கலாம்."

வாட்ஸ்அப்ல அனுப்புங்க, அதையே ஈமெயில்லயோ பதிவுத் தபால்லயோ ஒரு காப்பி அனுப்புங்க. கம்பியோட அடி எடத்தை கிட்டப் போய் ஒரு போட்டோ, தள்ளி நின்னு ஒரு போட்டோ எடுங்க, கிட்டத்துல எடுத்தது மட்டும் இருந்தா இது எந்த வீட்டு கம்பின்னு கேப்பாங்க. "எந்த நேரமும் ஆள் இருப்போம்"னு போடச் சொன்னதுக்கு காரணம் இருக்கு, ஆள் அனுப்பினேன், கதவு பூட்டியிருந்துச்சுங்கறது ஓனர்கள் சொல்ற வழக்கமான பதில். அட்டை வச்சு அடைச்சிருந்ததையும் அவர் கேட்டா மறைக்காதீங்க, எடுத்துட்டோம்னு சொல்லுங்க.

உங்க கணவர்கிட்ட சொல்லுங்க, வாடகைய தன்னிச்சையா நிறுத்தறது வேண்டாம். நியாயம் உங்க பக்கம் இருந்தாலும் "வாடகை பாக்கி"ங்கற ஒரே காரணத்தை வச்சு வெளியேத்த அவருக்கு வழி கெடச்சிடும், அப்புறம் எர்த் பத்தி யாரும் பேசமாட்டாங்க. சட்டம் இடம் குடுத்தா, எழுத்துல கேட்டு அவர் செய்யாத ரிப்பேரை நீங்க செஞ்சு பில்லை வச்சு கழிச்சுக்கறது வேற விஷயம். அந்த இந்திய மாதிரி சட்டத்துலயே அப்படி கழிக்கலாம், ஒரு மாசத்துல பாதி வாடகைக்கு மேல கழிக்கக் கூடாதுன்னு வரம்பு இருக்கு. குடியிருக்கவே முடியாத நிலைமைன்னா 15 நாள் எழுத்துல நோட்டீஸ் குடுத்துட்டு காலி பண்ணவும் அதுல வழி இருக்கு.

முன்னாடி இருந்தவங்க எட்டு வருஷம் இருந்தாங்கன்னு சொன்னதுக்கு பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதீங்க. எட்டு வருஷம் முன்னாடி அந்த காயில் புதுசு, அந்தக் கம்பில துரு இல்ல. அவர்கிட்ட வாதம் பண்றதை விட எலக்ட்ரீஷியன் எழுதிக் குடுக்கற ஒரு பக்க ரிப்போர்ட் நல்லா பேசும். பல ஓனர்கள் கெட்டவங்க இல்ல, செலவுக்கு பயந்து காது கேக்காத மாதிரி இருப்பாங்க, "இன்சுலேஷன் 0.2 மெகா ஓம், எர்த் இல்லை, பயன்படுத்தக் கூடாது"ன்னு தேதியும் கையெழுத்துமா ஒரு பேப்பர் கைக்கு வந்தா திடீர்னு கேக்க ஆரம்பிச்சிடும். ஏதாவது ஆச்சுன்னா அந்த பேப்பர் எங்க போய் நிக்கும்னு அவங்களுக்கு தெரியும்.

3 நாள்ல பதில் வரலன்னா நாலாவது நாள் நீங்களே எலக்ட்ரீஷியனை கூப்பிட்டு செக் பண்ணி ரிப்போர்ட் வாங்குங்க, அந்த சின்ன செலவுக்கு யோசிக்காதீங்க. அந்த ரிப்போர்ட்டோட வாடகை அதிகாரி கிட்டயோ உள்ளாட்சி கட்டடப் பிரிவுலயோ புகார் குடுங்க. அதுக்கும் அசையலன்னா வேற வீடு பாக்க ஆரம்பிங்க, அட்வான்ஸ் திரும்ப வாங்கறதுக்கும் இதே மெசேஜும் ரிப்போர்ட்டும் தான் உதவும். புது வீடு பாக்கும்போது ரூம் எவ்ளோ பெருசுன்னு பாக்கறதுக்கு முன்னாடி போர்டை திறந்து அந்த டெஸ்ட் பட்டன் இருக்கான்னு பாருங்க, ஹீட்டர் எங்க மாட்டியிருக்குன்னு பாருங்க, ஜன்னல் கிரில்ல அவசரத்துக்கு திறக்கற மாதிரி ஒண்ணாவது இருக்கா, வாசக்கதவு உள்ள இருந்து சாவி இல்லாம திறக்குதான்னு பாருங்க. இதெல்லாம் அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி கேட்டா ஓனர் சிரிச்சுட்டே செஞ்சு தருவாரு, குடுத்தப்புறம் கேட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.